கட்டைவிரல் காட்டும் அளவு

பூதப்பாண்டியிலிருந்து வந்த வாசகி ஒருவரின் கடிதத்தில் ஒரே கேள்விதான்: "மனச்சோர்வுக்குத் தலையில் காந்தம் வைக்கிறார்களாமே, அதுவும் ஷாக் வைப்பதுதானா?"

இல்லை. இதன் சூட்சுமம் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. முப்பந்தல் காற்றாலையில் இறக்கை சுழலச் சுழல, உள்ளே காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் கம்பிச்சுருளில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்ட விதி இது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் அதே விதியை மூளைக்குக் கொண்டுபோனார்கள். தலைமேல் வைத்த சுருளில் நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் மின்சாரம் பாயும். அதன் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்புகளைத் தூண்டும். ஷாக் சிகிச்சையைப் போல மயக்க மருந்து வேண்டாம், வேண்டுமென்றே வலிப்பை வரவழைப்பதும் இல்லை.

ஆளுக்கு ஆள் மண்டையோடு வேறு, மூளை வேறு. அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியின் வலது கட்டைவிரலைக் கேட்கிறார்கள். இடப்பக்க மூளையில் அந்த விரலை ஆட்டிவைக்கும் இடத்தின்மேல் சுருளை வைத்து, காந்தத் துடிப்பின் வலுவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது விரல் துள்ள வேண்டும். அதற்குப் போதுமான மிகக் குறைந்த வலுவே அவருக்குரிய அடிப்படை அளவு. பிறகு சுருள் ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால், மனநிலையோடு தொடர்புள்ள பகுதிக்கு நகரும். சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம்.

இந்தச் சிகிச்சையையும் வீடு வீடாக விற்ற காந்தப் படுக்கையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. டைனமோ சைக்கிள் நின்றுவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அசையாமல் கிடக்கும் காந்தம் நரம்பில் மின்சாரத்தை உண்டாக்காது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் இந்தக் காந்தத் துடிப்புச் சிகிச்சையை அனுமதித்தது, மருந்தில் குணம் காணாதவர்களுக்காக. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு. தலைவலி வரலாம், அபூர்வமாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தியவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மருந்தும் ஆலோசனையுமே பலரை எட்டவில்லை. "மனசு சரியில்லை" என்பவரை மந்திரித்துக் கயிறு கட்ட அழைத்துப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள். போகத் தயங்கினால் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.