சாம்பலும் ஸ்தோத்திரமும்

ஈக்காட்டுத்தாங்கலில் அடையாற்றங்கரையில் நிற்பவருக்குக் கிழக்கே சின்னமலையும் தெற்கே பரங்கிமலையும் அணித்தே உள்ளன. அப்போஸ்தலர் தோமையார் முன்னதில் மறைந்து வாழ்ந்து, பின்னதில் கி.பி. 72-ல் ஈட்டியால் குத்துண்டு மாண்டாரென்பது கிறிஸ்தவ மரபு.

இவ்விரு மலைகளையும் அண்டி வாழும் கத்தோலிக்கர், தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் தரிக்கின்றனர். முந்தைய ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று கையிலேந்திப் பாடிவந்த ஓலைகளே எரிந்து அச்சாம்பலாகின்றன. மனிதன் மண்ணே என்று குருவானவர் நினைவூட்டுகிறார். பட்டினத்தடிகளைப் பயின்ற தமிழருக்கு இது புதிய பாடமன்று. திருநீறணியும் சைவருக்கு அயலான சின்னமுமன்று. ஆயினும் அடிகள் துறவுக்கு அழைக்கிறார். இவ்வாராதனையோ உழைப்பாளியை நெற்றிச் சாம்பலோடு அவனது பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறது. நாளை நம் கையிலில்லை. ஆகவே இன்று கிட்டிய சோறும் மூச்சும் கூலியல்ல, கொடையென்பதே அதன் உட்கருத்து.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு இப்பகுதி வீடுகளில் புகுந்தபோது அதனை விளக்க உபதேசியார் எவரும் தேவைப்படவில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீரே பேறாயிற்று. எல்லாவற்றையும் ஆண்டவன் சித்தமென்று விடுவது மட்டும் நமக்கு உடன்பாடன்று. உயிர்தப்பியதற்கு ஸ்தோத்திரம் செய்த ஊரார், செம்பரம்பாக்கம் ஏரிநீர் திறக்கப்பட்ட முறையைக் குறித்து வினவவும் உரிமையுடையோரே. அவ்வெள்ளம் மனிதர் விளைத்த கேடென்று 2018-ல் சட்டசபை முன் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே உரைத்தது.