மாணவர் ஆலோசனை நிலையத்தில் மனோதத்துவப் பயிற்சியாண்டு

மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்றோர் ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் பயிற்சிப் பணி புரிந்த பின்னரே தனித்து வைத்தியம் செய்யும் உரிமையை அடைகின்றனர். ‘ஹவுஸ் சர்ஜன்’ என்று மக்கள் வழங்கும் இம்முறை நம் நாட்டில் யாவரும் அறிந்ததே. உள்ளத்தின் இடர்களைக் கையாளும் மனோதத்துவ நிபுணருக்கும் இத்தகைய பயிற்சியாண்டு ஒன்று இன்றியமையாதது என்னும் கொள்கை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைபெற்றுள்ளது. அங்கு டாக்டர் பட்டத்திற்குப் பயில்வோர், பாடங்களையும் ஆராய்ச்சியின் பெரும் பகுதியையும் முடித்தபின், ஓராண்டு முழுவதும் ஒரு நிலையத்தில் தங்கிப் பணியாற்றுதல் வேண்டும். மருத்துவமனைகள் மட்டுமன்றிப் பல்கலைக்கழகங்களின் மாணவர் ஆலோசனை நிலையங்களும் இப்பயிற்சியை அளித்து வருகின்றன. மாணவர் நலத்தைப் பேணும் ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறியத்தக்க செய்திகள் இம்முறையில் பல உள.

இதன் தோற்றம் இரண்டாம் உலகப் போரோடு தொடர்புடையது. போர்க்களத்திலிருந்து மீண்டவர்களுள் உள்ளம் நலிந்தோர் ஏராளமானோர். அவர்களைப் பேணுவதற்குப் போதிய நிபுணர்கள் இல்லை. டேவிட் ஷேக்கோ என்பாரின் தலைமையில் அமெரிக்க மனோதத்துவ சங்கம் அமைத்த குழு, 1947-ஆம் ஆண்டில் நான்காண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் மூன்றாம் ஆண்டு முற்றிலும் பயிற்சிப் பணிக்கென ஒதுக்கப்பெற்றது. 1949-இல் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த போல்டர் நகரில் கூடிய மாநாடு, நிபுணர் என்பவர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே விளங்க வேண்டும் என்று முடிவு செய்தது. பயிற்சி நிலையங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் பணியை அச்சங்கம் 1956 முதல் மேற்கொண்டு வருகிறது.

ஆலோசனை நிலையங்களின் வரலாறு இதற்கும் முந்தியது. மின்னெசோட்டா பல்கலைக்கழகத்தில் 1932-இலேயே மாணவரின் திறனைச் சோதித்து வழிகாட்டும் பிரிவு ஒன்று நிறுவப்பெற்றது. 1944-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் உதவியால் முன்னாள் படைவீரர்கள் பெருந்திரளாகக் கல்லூரிகளில் சேர்ந்ததும், இத்தகைய நிலையங்கள் நாடெங்கும் பெருகின. கார்ல் ராஜர்ஸ் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1945-இல் தொடங்கிய நிலையம் அவற்றுள் புகழ் வாய்ந்தது.

பயிற்சியாளரும் நிலையமும் ஒருவரையொருவர் தெரிவு செய்யும் முறை சுவையானது. முற்காலத்தில் குறித்த ஒரு நாளில் தொலைபேசி வாயிலாகவே இடங்கள் அளிக்கப்பட்டன. கையில் கிடைத்த இடத்தை ஏற்பதா, இன்னும் சிறந்த அழைப்பு வருமென்று காத்திருப்பதா என்று மாணவர்கள் தவித்தனர். 1999 முதல் கணிப்பொறி இதனைச் செய்கிறது. மாணவர் தாம் விரும்பும் நிலையங்களை வரிசைப்படுத்துவர். நிலையங்களும் தம்மிடம் விண்ணப்பித்தோரை வரிசைப்படுத்தும். தமக்குக் கிட்டியதை விட்டு வேறொருவரை நாடும் விருப்பம் இரு தரப்பாருக்கும் ஒருசேர எழாத வகையில் இணைப்பு முடிக்கப்படுகிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தை கேல், ஷேப்லி என்னும் இருவர் 1962-இல் வெளியிட்டபோது, திருமணப் பொருத்தத்தையே உதாரணமாகக் கொண்டனர். நம் ஊர்த் தரகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஷேப்லியும், இம்முறையைச் செயற்படுத்துவதில் முன்னின்ற ஆல்வின் ராத்தும் 2012-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆயினும் கணிதம் இல்லாத இடத்தை உண்டாக்க வல்லதன்று. அதே 2012-ஆம் ஆண்டையொட்டி விண்ணப்பித்தோர் தொகை இடங்களின் தொகையை வெகுவாக விஞ்சியிருந்தது. பலர் இடம் கிட்டாமல் பட்டம் பெறுவதில் ஓராண்டு பின்தங்க நேரிட்டது. பின்னர் இடங்கள் பெருகி, அந்நெருக்கடி தீர்ந்தது.

பயிற்சியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டு மாதத்தில் தொடங்குகிறது. புதிதாக வரும் மாணவரை முதன்முறை கண்டு அவர் குறையை விசாரித்தல், தனித்தனியே ஆலோசனை கூறுதல், ஒத்த இடருடைய ஏழெட்டுப் பேரைக் குழுவாகக் கூட்டிப் பேசச் செய்தல், விடுதிகளிலும் வகுப்புகளிலும் சென்று உரை நிகழ்த்துதல், அவசர வேளையில் வருவோரைக் கவனித்தல் ஆகியன பயிற்சியாளரின் அலுவல்கள். தற்கொலை எண்ணத்துடன் வரும் மாணவனுக்கு அன்றைய பொழுதுக்குள் பாதுகாப்பு ஏற்பாடு செய்வதே இவை அனைத்திலும் கடினமானது. மாணவர் ஒருவரைப் பற்றிக் கவலையுற்ற பேராசிரியர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுவதும் பயிற்சியில் அடங்கும்.

வாரந்தோறும் குறைந்தது 4 மணி நேரம் பயிற்சியாளர் மேற்பார்வை பெறுதல் வேண்டும். அதில் 2 மணி நேரமாவது உரிமம் பெற்ற மனோதத்துவ நிபுணர் அவருடன் தனித்து அமர்தல் வேண்டும். இதுவே இம்முறையின் உயிர்நாடி எனலாம். அறுவை அறையில் கற்பவரின் கையை ஆசான் அருகில் நின்று காண்கிறார். ஆலோசனை அறையிலோ மூன்றாமவர் இருத்தல் இயலாது. இருந்தால் பேச்சே எழாது. பயிற்சியாளர் பின்னர் நினைவிலிருந்து கூறுவதை மட்டும் நம்பினால், தாம் செய்த பிழையைத் தாமே உணராதவர் அதனை எவ்வாறு எடுத்துரைப்பார்? இச்சிக்கலைத் தீர்க்க ராஜர்ஸும் அவருடைய மாணவர்களும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒஹாயோவில், உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யத் தொடங்கினர். ஒருவருடைய ஆலோசனை முழுவதும் சொல்லுக்குச் சொல் 1942-இல் அவருடைய நூலில் அச்சாயிற்று. இன்று காணொளிப் பதிவு வழக்கத்தில் உள்ளது. மேற்பார்வையாளர் பதிவைப் பார்த்து, மாணவி அழத் தொடங்கிய கணத்தில் பயிற்சியாளர் ஏன் பேச்சை மாற்றினார் என்று வினவுகிறார். அவ்வினாவுக்கு விடை காண்பதில் அந்த ஒரு மணி நேரம் முழுதும் கழிந்துவிடுவதும் உண்டு.

பதிவு செய்வதற்கு மாணவரின் இசைவு வேண்டும். தம்முடன் பேசுபவர் பயிற்சி பெறுபவர் என்பதையும், சட்டப்படி பொறுப்பேற்கும் மேற்பார்வையாளரின் பெயரையும் அவருக்கு முன்னரே தெரிவித்தல் வேண்டும் என்று சங்கத்தின் ஒழுக்க விதிகள் பணிக்கின்றன. துன்பத்தோடு வந்தவரிடம் இதனை முதலில் கூறினால் அவர் நம்பிக்கை குலையுமே என்று சிலர் கருதலாம். மறைத்துப் பின்னர் வெளிப்படுமாயின் குலையும் நம்பிக்கை அதனினும் பெரிது.

இரகசியம் காத்தலின் எல்லையை வரையறுத்த வழக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் எழுந்ததே. 1969-இல் பெர்க்லியில், கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆலோசனை பெற்று வந்த மாணவன் ஒருவன், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் தெரிவித்தான். சிகிச்சையாளர் பல்கலைக்கழகக் காவலர்க்கு அறிவித்தார். காவலர் அவனைப் பிடித்து விசாரித்து, தெளிவுடன் இருப்பதாகக் கருதி விடுவித்தனர். அப்பெண்ணுக்கோ அவள் குடும்பத்தாருக்கோ எவரும் எச்சரிக்கை செய்யவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவள் கொலையுண்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இரகசியத்தை நோயாளரின் உரிமையாக்குவதோடு, பிறரைத் தீங்கினின்று காப்பதற்குத் தேவையான அளவு செய்தியை மட்டும் வெளியிட இடமளிக்கிறது. ‘தேவையான அளவு’ என்னும் சொற்கள் கவனிக்கத்தக்கவை. தாம் அனுப்பிய மாணவன் அங்கு என்ன கூறினான் என்று ஆசிரியர் கேட்பது இயல்பே. அவ்வினாவுக்கு நிலையம் விடையளிக்காதிருப்பதும் முறையே ஆகும்.

பயிற்சியாளரால் நிலையத்தின் பளு குறைகிறது என்பது உண்மை. வரிசையில் காத்திருக்கும் மாணவர் மிகுந்த இடங்களில், அவரைக் குறைந்த ஊதியத்து ஊழியராகவே நடத்தும் ஆசை எழக்கூடும். பணியைக் காட்டிலும் பயிற்சிக்கே முதலிடம் அளித்தல் வேண்டும் என்று அங்கீகார விதிகள் வற்புறுத்துவது இதனாலேயே. விதி ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறையில் இருப்பதற்கும் உள்ள தொலைவை, வாரத்தின் 4 மணி நேரம் தவறாமல் அளிக்கப்படுகிறதா என்பதைக் கொண்டே அளந்துவிடலாம்.

அடுத்த ஜூலையில் பயிற்சியாளர் விடை பெறுகிறார். அவரிடம் மனம் திறந்த மாணவரோ கல்லூரியிலேயே இருக்கிறார். தொடர்ந்து உதவி வேண்டுவோரை வேறொருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு சில வாரங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். பிரிவு நெருங்குவதையும் ஆலோசனையில் ஒரு பொருளாகவே பேசுகின்றனர். பயிற்சியாண்டு நிறைவுற்றதும் டாக்டர் பட்டம் கிடைக்கிறது. தனித்துத் தொழில் புரியும் உரிமையோ அதனுடன் கிட்டிவிடாது. மாநில உரிமக் குழுவின் தேர்வில் தேற வேண்டும். பல மாநிலங்களில் பட்டத்திற்குப் பிறகும் மேற்பார்வையில் பணிபுரிதல் வேண்டும். நம் நாட்டில் டாக்டர் பட்டம் இதற்கு நிபந்தனையன்று. மேற்கூறிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ மனோதத்துவ நிபுணர் யார் என்று வரையறுக்குமிடத்தில், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரத்தையும், மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேரப் படிப்பையும் குறிப்பிடுகிறது.