கதவைச் சாத்துங்கள், காதல் வரட்டும்!

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் தாயார் சன்னிதி வாசலுக்கு ஒரு கேம் எழுத்தாளரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். மனிதர் அங்கேயே நோட்டைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார்!

வெளியே நம்பெருமாள். உள்ளே ரங்கநாயகித் தாயார். நடுவில் கதவு. பெருமாள் ஆவலாக முன்னே வருகிறார், கதவு படாரென்று சாத்தப்படுகிறது. பின்வாங்குகிறார், மறுபடி வருகிறார், மறுபடியும் படார்! தாயார் தரப்பிலிருந்து பூவும் பழமும் பறந்து வருகின்றன. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஊர் இதை மட்டையடி என்கிறது, ஏடு பிரணய கலகம் என்கிறது. ஆமாம், இதற்கு ஏடு உண்டு! கேள்வி, பதில், பொய், சத்தியம், சமாதானம் என்று முழு வசனமும் எழுதி வைக்கப்பட்டு, இரு தரப்பு வாதமும் வாசிக்கப்படுகிறது.

ரோல்-பிளேயிங் கேம்களில் காதலும் சோகமும் எழுதுவது எப்படி என்று இன்றைய எழுத்தாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தப் பாடம் முழுக்கக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில் நடந்துகொண்டிருக்கிறது. வாருங்கள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம்.

புள்ளி ஏறினால் காதலா?

முதலில் கேம்காரர்களின் அடுக்களை. நாம் ஒரு பாத்திரமாகி ஊர் ஊராகத் திரிகிறோம், கூட நாலைந்து தோழர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தோழருக்கும் உள்ளே ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். நாம் நல்லபடியாகப் பேசினால் எண் ஏறும், எரிச்சலூட்டினால் இறங்கும். 2009-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமில் பரிசு கொடுத்தே அந்த எண்ணை ஏற்றலாம். போதுமான அளவு ஏறியதும் காதல் காட்சி திறந்துகொள்ளும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் காசு போட்டால் எடைச்சீட்டு துப்பும் ரயில் நிலைய இயந்திரத்தின் மேல் யாருக்குக் காதல் வரும்? எதிரில் இருப்பவருக்கும் சொந்தமாக ஒரு மனசு இருக்கிறது, அது மறுக்கவும் மறுக்கும் என்று தெரிந்தால்தானே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்!

2015-இல் வந்த ‘தி விட்சர் 3’ இதை அட்டகாசமாகப் பிடித்தது. நாயகன் கெரால்ட்டாக நாம் டிரிஸ், யென்னஃபர் என்ற இருவரிடமும் காதல் சொல்லலாம், கேம் தடுக்காது. நாமும் கெட்டிக்காரத்தனமாக இருவரையும் சமாளித்துவிட்டோம் என்று மகிழ்ந்திருப்போம். அப்புறம் அந்த இருவரும் சேர்ந்து பேசிவைத்து, நாயகனை ஆசைகாட்டி அழைத்து, கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்! அந்தக் காட்சியைப் பார்த்ததும் ஸ்ரீரங்கத்துக்காரர் யாருக்கும் உறையூர்தான் ஞாபகம் வரும்.

ஆயில்யத்தில் ஆரம்பித்த வம்பு

பங்குனித் திருவிழாவின் 6-ஆம் நாள், ஆயில்யம். உறையூர் கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம். தாமரையில் கண்டெடுக்கப்பட்டு, சோழனின் மகளாக வளர்ந்து, அரங்கனையே மணந்தவர் அவர் என்கிறது தலவரலாறு. அன்று நம்பெருமாள் காவிரியைத் தாண்டி உறையூருக்கு எழுந்தருளி, நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்துவிட்டுத் திரும்புகிறார். 9-ஆம் நாள் உத்திரம், ரங்கநாயகித் தாயாரின் திருநட்சத்திரம். நடுவில் மகமும் பூரமும் மட்டும்.

இந்த இடைவெளியின் அழகைப் பாருங்கள்! உறையூரிலிருந்து திரும்பிய அன்றே சண்டை இல்லை. கோபம் பழுக்கட்டும் என்று கதை காத்திருக்கிறது. தப்புக்கும் தண்டனைக்கும் நடுவே ஆட்டக்காரரைக் கொஞ்சம் உலாவ விட்டால், அவர் தப்பை மறந்திருக்கும் நேரத்தில் கதவு சாத்தப்படும். அடி இரண்டு மடங்காக விழும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. தாயார் படிதாண்டாப் பத்தினி, சன்னிதியை விட்டு வெளியே எழுந்தருளுவதே இல்லை. பெருமாள் உறையூர் போகலாம், வீதி உலா போகலாம், ஆற்றைக் கடக்கலாம். தாயாருக்கு இருப்பது அந்த ஒரு கதவுதான். ஒரே ஒரு செயல் மட்டும் அனுமதிக்கப்பட்ட பாத்திரம், அந்த ஒன்றை வைத்தே மொத்த ஆட்டத்தையும் நிறுத்திவிடுகிறது!

இப்போது வசனத்துக்கு வருவோம், இங்கேதான் துள்ளிக் குதிக்கத் தோன்றும். மோதிரம் காணாமல் போயிற்று, தேடப் போனதில் தாமதமாகிவிட்டது என்கிறார் பெருமாள். சரி, கண் ஏன் சிவந்திருக்கிறது? ராத்திரி முழுக்க விழித்திருந்தது. தலை ஏன் கலைந்திருக்கிறது? காற்று. கஸ்தூரித் திலகம் ஏன் கரைந்தது? வெயில். உதடு ஏன் வெளுத்தது? அசுரரை விரட்டச் சங்கு ஊதினேனே! ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு சாக்கு, ஒவ்வொரு சாக்கும் அதற்கு முந்தியதை விட அழகாகத் தோற்கிறது.

சாக்கு எடுபடவில்லை என்றதும் சத்தியத்துக்கு இறங்குகிறார். கடலில் மூழ்கட்டுமா, பாம்புக் குடத்தில் கை விடட்டுமா என்கிறார். கடல் உமக்குப் படுக்கும் இடம், பாம்பு உமக்குப் படுக்கை, இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று தாயார் தரப்பு மடக்குகிறது. அடடா! கேம் எழுதுகிறவர்கள் பொன்னெழுத்தில் பொறித்து மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. தாயாருக்குப் பெருமாளின் பழைய கதை முழுக்கத் தெரியும், அதை வைத்தே அடிக்கிறார். நாம் முன்பு செய்ததை எதிரில் இருப்பவர் ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்லும்போது ஆட்டக்காரருக்கு உடம்பு சிலிர்க்கிறது. டயலாக் எழுதுவதில் பாதி உழைப்பு இந்த ஞாபகக் குறிகளை நட்டு வைப்பதில்தான் போகிறது: இவர் அன்று பொய் சொன்னார், இவர் அந்த ஊருக்குப் போனார், இவர் வாக்கை மறந்தார்.

கடைசியில் நம்மாழ்வார் எழுந்தருளிச் சமாதானம் செய்து வைக்கிறார். கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் ஒன்றாக அமரும் சேர்த்தி சேவை வருடத்துக்கு இந்த ஒரு நாள்தான். ராமானுசர் கத்ய த்ரயம் என்ற துதிகளை விண்ணப்பித்ததும் இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் என்று வைணவ மரபு கொண்டாடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இந்தக் காட்சியைக் காட்டியிருந்தால் இத்தனை சனம் இடித்துக்கொண்டு வந்து நிற்குமா?

அழுகையை யார் வாயில் வைப்பது?

சமாதானம் செய்ய வந்த நம்மாழ்வாரிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27-ஐ அவர் பெண்குரலில் பாடியிருக்கிறார். 17 மகள் பேச்சு, 7 தாய் பேச்சு, 3 தோழி பேச்சு. பராங்குச நாயகியாகவே மாறிவிடுகிறார். ரோல்-பிளே என்றால் இதுதான்!

ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி திருவரங்கனை நோக்கியே பாடப்பட்டது. காதலில் உருகிக் கிடப்பது மகள். ஆனால் பேசுவது தாய். மகள் தூங்குவதில்லை, அழுகிறாள், சொன்னால் கேட்பதில்லை, இவளை என்ன செய்வதாக உத்தேசம் என்று அரங்கனிடமே நியாயம் கேட்கிறாள். மகள் தன் வாயால் துக்கத்தைச் சொல்லியிருந்தால் நாம் பரிதாபப்பட்டிருப்போம். தாய் சொல்வதால் இரண்டு பேருக்காகவும் பதறுகிறோம். சோகக் காட்சி எழுதும்போது யார் அழுகிறார் என்பதைவிட யார் பார்த்துச் சொல்கிறார் என்பதை முதலில் முடிவுசெய்யச் சொல்லும் இந்த நுட்பம், எந்த கேமுக்கும் அப்படியே பொருந்தும்.

திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை வைத்து, கோயில் கலைஞர்களான அரையர்கள் நடிக்கும் முத்துக்குறியில் இது கண்ணெதிரே நிகழ்கிறது. குல்லாய் அணிந்து தாளம் ஏந்திய ஒரே அரையர், மகளுக்கு என்ன நோய் என்று கலங்கும் தாயாகவும், முத்துகளைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறிமாறி வருகிறார். உடை மாற்றம் கிடையாது. குரலும் கையும் கண்ணும் போதும். வருடாவருடம் பார்த்தவர்கள்கூட அந்த மாற்றம் நிகழும் கணத்துக்காக எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்!

ஜப்பானிலிருந்து 1997-இல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ உலகத்தையே அழவைத்தது. ஏரித் என்ற பெண் உலகைக் காக்கப் பிரார்த்தனை செய்யத் தனியே போகிறாள். அவளைத் தேடி நாம் போய்ச் சேரும்போது கண்ணெதிரே கொல்லப்படுகிறாள். உடனே ஒரு சண்டை தொடங்குகிறது. வழக்கமாக முரசு அதிரும் இடத்தில் அவளுடைய மெல்லிய பாட்டே தொடர்ந்து ஒலிக்கிறது, அழுதுகொண்டே பட்டனை அழுத்துகிறோம். அது நம்மை உலுக்கியதற்குக் காரணம் சாவு மட்டும் இல்லை. போவது என்ற முடிவை அவளே எடுத்தாள், நம்மிடம் கேட்கவில்லை. கதவைச் சாத்திய தாயாருக்கும் தாய்சொல் கேளாத பராங்குச நாயகிக்கும் இருக்கும் அதே சொந்த மனசு!

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள். சுல்தானின் படை உற்சவ மூர்த்தியை எடுத்துப்போனபோது, சுல்தானின் மகள் அந்த விக்கிரகத்தைத் தன்னோடு வைத்து விளையாடினாள், அதை விட்டுப் பிரிய முடியாமல் தெற்கே தேடி வந்து உயிர்விட்டாள் என்கிறது கோயிலொழுகு சார்ந்த மரபுக்கதை. துலுக்க நாச்சியாராகச் சுவரோவியத்தில் இன்றும் இருக்கிறார், பெருமாளுக்கு ரொட்டி அமுது செய்விக்கப்படுகிறது. காலையில் ஒரு ரொட்டி! பெரிய சோகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பண்டம். விளையாட்டு எழுதுகிறவர்கள் கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டிய பிரசாதம்.

நம் ஆட்களும் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ ரோல்-பிளேயிங் வகை இல்லை, சமையல் ஆட்டம். 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அழிந்துபோன வரிகளோடு ஒரு சமையல் குறிப்பேடு. இட்லித் தட்டை நாமே அடுக்குகிறோம், விடுபட்ட குறிப்பை நாமே ஊகிக்கிறோம். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் விழும் தூரம் கைவழியாக நமக்குள் ஏறுகிறது. 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதை அது தட்டிக்கொண்டு வந்தது!

நாமே ஒரு காட்சி கட்டலாமா?

சும்மா பேசினால் போதுமா? இதோ. அம்மா மண்டபம் படித்துறை, ஆடிப்பெருக்கு. வெளியூர் வேலைக்குப் போன நாயகன் நாம். போன ஆடிக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவன். அவள் படிக்கட்டோரம் பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள். திரையில் மூன்று வழி.

முதல் வழி, சாக்கு. “லீவு கெடைக்கல.” அவள் தலை நிமிராமல், “பொங்கலுக்கும் இதேதான் சொன்னீங்க” என்கிறாள். ஞாபகக் குறி வேலை செய்துவிட்டது!

இரண்டாம் வழி, பரிசு. சாரதாஸ் ஜவுளிப் பையை நீட்டுகிறோம். “பில்லு இருக்குல்ல? மாத்திக்கலாம்.” கதவு படார்.

மூன்றாம் வழி, அவளைப் பற்றிக் கேட்பது. “அப்பா எப்படி இருக்காரு?” கை நிற்கிறது. “சித்திரையிலயே போயிட்டாரு. ஒங்க நம்பருக்கு அடிச்சேன்.”

இதற்குமேல் ஆறுதல் வசனம் வைக்காதீர்கள், தயவுசெய்து! அவ்வளவு பெரிய துக்கத்தை ஒரு பட்டனில் தீர்த்துவைக்க ஆட்டக்காரருக்கு உரிமை இல்லை. பதிலாக ஒரு வேலை கொடுங்கள். கூடையிலிருந்து பூவை இரண்டிரண்டாக எடுத்து அவளிடம் நீட்டுவது. வாங்குவாளா, மாட்டாளா, அது அவள் இஷ்டம். நாலாவது முறை வாங்கிக்கொள்கிறாள் என்று வையுங்கள். அந்த இரண்டு பூவுக்காக ஆட்டக்காரர் எத்தனை ராட்சசர்களை வேண்டுமானாலும் கொன்றுவிட்டு வருவார்!

இப்படிக் கிளை பிரியும் கதை எழுத ட்வைன் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றில் தமிழிலேயே எழுதலாம், நிரல் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இந்தப் பங்குனி உத்திரத்துக்கு ஸ்ரீரங்கம் போங்கள், ஏடு வாசிப்பைக் காது நிறையக் கேளுங்கள், வீட்டுக்கு வந்ததும் எழுத உட்காருங்கள். நாயகன் சொல்லப் போவதை அப்புறம் யோசிக்கலாம். நாயகி எதற்கெல்லாம் மாட்டேன் என்பாள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள்.