பல்லுக்கும் எடைக்கும் என்ன கணக்கு?

எங்கள் வாசுதேவநல்லூரில் விழுந்த பால் பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவது வழக்கம். என் மகன் முதல் பல்லை எறிந்தபோது வயது 7. தங்கை மகளோ 6 வயதிலேயே நாலு பல் எறிந்துவிட்டாள். ''இவனுக்கு மட்டும் ஏம்லே லேட்டு?'' என்று ஆச்சி நச்சரிப்பு.

பி.காம். மூளை கணக்குப் போட்டது. மகன் ஒல்லிக்குச்சி, மருமகள் கொழுகொழு. எடைதான் காரணமோ? பல் டாக்டரிடம் கேட்டேன்.

''ஓரளவு சரிதான் சார். எடை கூடின பிள்ளைங்களுக்கு நிரந்தரப் பல் சராசரியா கொஞ்சம் முந்தி முளைக்குது. சத்துக்குறைவுன்னா பிந்தும். பரம்பரையும் உண்டு. 7 வயசு தாமதமே இல்லை. நீங்க மருமகளைக் கூட்டிட்டு வாங்க!''

எதற்கு? 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்குமாம். அது நிரந்தரப் பல். பால் பல்தானே என்று விட்டுவிடுகிறோம். சொத்தையாகிப் போனால் மறுபடி முளைக்காது. முந்தி முளைத்தால், ஒழுங்காகப் பல் தேய்க்கத் தெரியாத வயதிலேயே சொத்தை புகுந்துவிடும்.

மருமகள் வாயில் அதுதான் நடந்திருந்தது. நல்லவேளை, அடைத்துவிட்டார்கள். இப்போது ராத்திரி தோறும் ஆச்சிதான் அவளுக்குப் பல் தேய்த்துவிடுகிறாள்.

வரவை எண்ணிய நான் நஷ்டத்தைப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டு 6 வயதையும் 'ஆ' காட்டச் சொல்லுங்களேன்!