தோட்டத்துக்கு வேலி போடப் போகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சித்திரை, வைகாசியில் காடு காலியாகக் கிடக்கும். ஆடிப்பட்டத்துக்குள் சுற்றிலும் வேலி போட்டுவிட வேண்டும் என்று பலரும் கிளம்புவது இந்த நாட்களில்தான். பக்கத்து ஊரில் வேலி போட்டவரிடம் மேஸ்திரியின் செல்பேசி எண்ணை வாங்குவோம். 'அடிக்கு எவ்வளவு?' என்று கேட்போம். அவர் ஒரு தொகை சொல்வார். கொஞ்சம் குறைத்துப் பேசி, முன்பணம் கொடுத்துவிடுவோம்.

தவறு தொடங்குவது அந்த 'அடிக்கு எவ்வளவு?' என்ற கேள்வியில்தான். என்ன கல், எவ்வளவு ஆழம், எந்தக் கனத்தில் கம்பி என்று பேசாமல் விலையை மட்டும் பேசினால், குறைந்த விலைக்கு ஏற்ற வேலிதான் கிடைக்கும். முதல் ஐப்பசி மழையிலேயே மூலைக்கல் சாயும், கம்பி தொய்யும், ஆடு உள்ளே நுழையும். கிணறு வெட்டுவதைப் போல வேலியும் அடிக்கடி செய்கிற செலவு அல்ல. அதனால் பேச வேண்டியதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

முதலில் அளவு, பிறகு ஆள்

எங்கள் தோட்டத்தில் பழைய வரப்பை நம்பி வேலி போட்டோம். அடுத்த ஆண்டு பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தை விற்பதற்காக அளந்தார். மேற்குப் பக்கத்தில் எங்கள் வேலி 3 அடி அவர் நிலத்துக்குள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 23 கல்லைப் பிடுங்கி மறுபடியும் நட்டோம். பிடுங்கும்போது 4 கல் உடைந்தது. ஒப்பந்தக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் காட்டிய இடத்தில்தான் அவர் நட்டார்.

எனவே பட்டா, புலப்படம் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அரசு நில அளவையரைக் கொண்டு எல்லையை உறுதி செய்யுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் கண்ணெதிரே முளை அடித்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றை வேலிக்குள் சேர்க்கக் கூடாது. அளவுக்கல் இடையூறாக இருக்கிறது என்று ஆட்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை நீங்களே போடுங்கள்

வேலிக்குச் செலவைத் தீர்மானிப்பது பரப்பு அல்ல, சுற்றளவு. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளவாக்கில் இருந்தால் சுமார் 1,070 அடி. 'ஏக்கருக்கு இவ்வளவு ஆகும்' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

சதுரமான ஒரு ஏக்கருக்கு 10 அடிக்கு ஒரு கல் என்றால் 84 கல். 8 அடிக்கு ஒன்று என்றால் 105 கல் வரும். மூலைகளுக்கும் கேட் பக்கத்துக்கும் முட்டுக்கல் தனி. நேர் வரிசையிலும் 10 அல்லது 15 கல்லுக்கு ஒரு இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக்கல்லுக்குத் தனிக் கூலியா, அடிக்கணக்கில் அடங்குமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நாள் தகராறு பெரும்பாலும் இதில்தான் வரும்.

கம்பியில் ஒளிந்திருக்கும் லாபம்

முள்கம்பி கடையில் எடைக்கு விற்கிறது. ஒப்பந்தக்காரர் உங்களிடம் அடிக்கணக்கில் பணம் வாங்குகிறார். கம்பி எவ்வளவு மெலிதோ, அவருக்கு அவ்வளவு மிச்சம். இதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 12 கேஜ் கம்பியின் கனம் 2.64 மி.மீ.; 14 கேஜ் 2.03 மி.மீ. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் எடையில் தெரிந்துவிடும். முறுக்கைப் பிரித்து, முள்ளைக் கழற்றிவிட்டு, ஒற்றை இழையை நீட்டி ஒரு மீட்டர் வெட்டி, மளிகைக்கடை மின்னணுத் தராசில் வையுங்கள். 12 கேஜ் என்றால் சுமார் 43 கிராம் இருக்கும். 14 கேஜ் என்றால் 25 கிராம்தான்.

ஒரு ஏக்கர் சதுரத்துக்கு 5 வரிசை இழுத்தால், முள்ளைக் கணக்கில் சேர்க்காமல், 12 கேஜ் கம்பி சுமார் 110 கிலோ பிடிக்கும். 14 கேஜ் 65 கிலோவில் முடிந்துவிடும். பேசியது ஒன்று, கட்டியது ஒன்று என்றால் 45 கிலோ இரும்பு உங்கள் கண் முன்னாலேயே காணாமல் போகிறது. முடிந்தவரை கம்பியை நீங்களே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள். கூலியை மட்டும் ஒப்பந்தம் பேசுங்கள். முள்கம்பிக்கு ஐ.எஸ். 278, சங்கிலி வலைக்கு ஐ.எஸ். 2721 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. கட்டில் தொங்கும் அட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள்.

இன்னொன்று, கல்லில் கம்பியைக் கட்டும் கட்டுக்கம்பி. வீட்டு வேலைக்குக் கம்பி கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பியைப் பயன்படுத்தினால் அது சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துபோகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

கல்லும் குழியும்

கருங்கல் தூண் இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள். இறக்கும்போதும் நடும்போதும் உடையும் கல் யார் கணக்கு என்பதையும் முன்பே பேசுங்கள். சிமென்ட் தூண் என்றால் வார்த்து எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள், உள்ளே எத்தனை கம்பி வைத்தார்கள் என்று கேளுங்கள். ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னாலும் தப்பில்லை.

செம்மண்ணில் ஒன்றரை அடி ஆழம் போதும். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே இரண்டு அடிக்குக் குறையக் கூடாது; கான்கிரீட்டும் போட வேண்டும். எந்த மண்ணாக இருந்தாலும் மூலைக்கல், முட்டுக்கல், கேட் தூண் மூன்றுக்கும் கான்கிரீட் கட்டாயம். கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பியை இழுக்க விடாதீர்கள். ஒரு வாரமாவது இறுகட்டும். ஆட்களுக்கு அடுத்த ஊரில் வேலை இருக்கும், அவசரப்படுவார்கள். உங்களுக்கு அவசரம் இல்லை.

எதைத் தடுக்க வேலி?

மாட்டுக்கு 5 வரிசை முள்கம்பி போதும். ஆட்டுக்கு அடிவரிசைகளை அரை அடிக்கு ஒன்றாக நெருக்க வேண்டும், இல்லையென்றால் வலைதான். காட்டுப்பன்றி அடியில் முட்டிக்கொண்டு நுழையும் என்பதால் வலையின் அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்து இறுக்க வேண்டும். மயிலை எந்த வேலியும் தடுக்காது. தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கும் பேச்சுக்கே இடம் தராதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. மனிதர்களும் இப்படி இறக்கிறார்கள். இது குற்றம், வழக்கு நில உரிமையாளர் மேல்தான் பாயும். சூரிய மின்வேலி வேறு. அது விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுத்து விரட்டுவது. அதற்கும் 2023-இல் அரசு விதிகள் வகுத்திருக்கிறது. காட்டை ஒட்டிய ஊர் என்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே ஆளைக் கூப்பிடுங்கள். மானியம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன மாதம் போட்ட வேலியைத்தான் ஒப்பந்தக்காரர் காட்டுவார். புது வேலி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கண்ட வேலி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மூலைக்கல் நேராக நிற்கிறதா, நடுக்கம்பியை அழுத்தினால் தொய்கிறதா, கட்டு துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தோட்டக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஏதாவது கோளாறு என்று கூப்பிட்டபோது வந்தாரா?' உள்ளூர் ஆளைப் பிடிப்பதில் இருக்கிற பெரிய லாபமே இதுதான். ஐம்பது ரூபாய் குறைவாகச் சொன்னாலும் நூறு மைல் தள்ளி இருக்கிறவர் ஒரு கல் சாய்ந்ததற்காக வரமாட்டார்.

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூன்று பேருக்கும் ஒரே விவரத்தைக் கொடுங்கள்: கல் உயரம், இடைவெளி, ஆழம், கம்பி கேஜ், வரிசை எண்ணிக்கை, முட்டுக்கல், குறுக்குக் கம்பி, கேட். அப்போதுதான் விலையை ஒப்பிட முடியும். கேட் டிராக்டருக்கு 12 அடி போதும். லாரியும் அறுவடை இயந்திரமும் வரும் என்றால் 16 அடி விடுங்கள்.

பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முள் வெட்டிச் சுத்தம் செய்வது, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ஆட்களுக்குச் சாப்பாடு எல்லாம் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும். பணத்தை வேலை நகர நகரக் கொடுங்கள்: சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, கல் நட்டதும் ஒரு பங்கு, கம்பி இழுத்ததும் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை முதல் நல்ல மழை முடியும் வரை நிறுத்தி வையுங்கள். அதே போல, பேசிய தேதியில் தராமல் இழுத்தடிக்கவும் வேண்டாம். அவரும் கூலி ஆட்களுக்குச் சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டியவர்தான்.

உயிர்வேலியும் கூடவே வளரட்டும்

இரும்பு என்றாவது துருப்பிடிக்கும். கொங்குப் பகுதியின் கொறங்காடுகளில் கிளுவை வேலி தலைமுறைகளாக நிற்கிறது. கம்பி வேலி போட்ட கையோடு, மழை ஈரத்தில் உள்பக்கமாகக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டுவிடுங்கள். கம்பி இருக்கும் வரை அது கிளுவையை ஆட்டிடமிருந்து காக்கும். கம்பி இற்றுப்போகும் நாளில் கிளுவை உங்கள் தோட்டத்தைக் காக்கும்.