இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காற்றோட்டம்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்த கடலூர் மாவட்டத்தில், சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களின் வீடுகளுக்கு இன்வெர்ட்டர் ஆடம்பரப் பொருளன்று. ஆயினும் அதன் பேட்டரியை எங்கே வைப்பது என்பதில் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகள் மூழ்கியிருக்கும் ஈய-அமில பேட்டரியில், மின்னேற்றம் நிறைவை நெருங்கும்போது நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதாலும், காற்றில் அவ்வாயு 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறி பட்டுப் பற்றக்கூடும் என்பதாலும், விளக்கேற்றும் பூசையறையிலோ மாடிப்படிக்கு அடியிலுள்ள மூடிய அலமாரியிலோ அதனை வைப்பது மெய்யாகவே ஆபத்தானது. இவ்வாறு குறையும் நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே, மூடியிலுள்ள மிதவை காட்டும் மேல் அளவைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். கிணற்று நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.