ஹசெகவா கியூசோவின் செர்ரி மலர் ஓவியமும் நிலையாமைக் கருத்தும்

ஜப்பானியக் கலையில் சகுரா எனப்படும் செர்ரி மலர் நிலையாமையின் குறியீடாகவே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. பூத்த சில நாள்களிலேயே உதிர்ந்துவிடும் மலர் என்பதால் இவ்விளக்கம் எளிதில் ஏற்கப்படுகிறது. ஆயினும், செர்ரி ஓவியங்கள் அனைத்தையும் இந்த ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்தாது. கியோத்தோ நகரின் சிஷாகு-இன் ஆலயத்திலுள்ள ஹசெகவா கியூசோவின் ஓவியம் இதற்குத் தக்க சான்று.

ஆட்சியாளர் டொயோத்தோமி ஹிதெயோஷியின் மகன் த்சுருமாத்சு 1591இல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். அவன் நினைவாக ஷோவுன்-ஜி ஆலயம் எழுப்பப்பட்டது. ஆட்சியாளர்களின் பெரும்பணிகளைக் கானோ மரபினரே அதுவரை பெரும்பாலும் பெற்றுவந்தனர். அம்மரபின் தலைவர் கானோ எய்தோகு 1590இல் மறைந்திருந்தார். ஆலயத்தின் உட்புறத்தை ஓவியங்களால் அணிசெய்யும் பணி ஹசெகவா தோஹாகுவின் குழுவினருக்குக் கிட்டியது. தோஹாகுவின் மகனே கியூசோ.

பொற்தகட்டுப் பின்புலத்தில் பருத்த செர்ரி மரம் கிளை பரப்பி நிற்கிறது. அடுக்கிதழ்ப் பூக்கள் வெறும் வண்ணப்பூச்சாக அமையவில்லை. சிப்பி ஓட்டினை அரைத்துப் பெற்ற வெண்பொடியைப் பசையில் குழைத்துத் தடிப்பாக ஏற்றியுள்ளார் ஓவியர். இதனால் ஒவ்வொரு பூவும் தளத்தினின்று புடைத்து நிற்கிறது. பக்கவாட்டு ஒளியில் அதற்கு நிழலும் உண்டு. இறந்த குழந்தைக்கான ஆலயத்தில் உதிரும் இதழ்களைச் சிதறவிடுவது எளிய வழியாக இருந்திருக்கும். கியூசோவோ முழுமலர்ச்சியைத் தேர்ந்து, அதற்குக் கனமும் திண்மையும் அளித்தார். இழப்பை நினைவூட்டுவதினும் இழப்புக்கு ஈடாக ஒன்றை நிறுத்திவைப்பதே இங்கு நோக்கமெனக் கொள்ளுதல் பொருந்தும்.

கியூசோ 1593இல், இருபத்தாறாம் வயதில் இறந்தார். அதே ஆலயத்தில் தோஹாகு தீட்டிய மேப்பிள் ஓவியம் மகனை இழந்த துயரின் வெளிப்பாடு எனக் கூறும் மரபும் உண்டு. இவ்வரலாற்றை அறிந்து காண்போர் செர்ரி ஓவியத்திலும் ஓவியரின் அகால மரணத்தைப் படித்துவிடுகின்றனர். தீட்டிய வேளையில் அம்மரணம் நிகழ்ந்திருக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

1615இல் டொயோத்தோமி குடி வீழ்ந்தபின் ஷோவுன்-ஜி சிஷாகு-இன் வசமாயிற்று. 1682ஆம் ஆண்டுத் தீவிபத்தில் மீட்கப்பட்ட பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட இவ்வோவியம், 2023இல் திறக்கப்பட்ட ஆலயக் காட்சிக்கூடத்தில் மின்னொளியில் காட்சிப்படுத்தப்படுகிறது. மங்கிய அறைக்குள் பக்கவாட்டில் நுழையும் பகலொளிக்கும் அசையும் விளக்குச் சுடருக்கும் உரியதாக அமைந்த புடைப்பு அது.